ஏரிக்குள் நான் அழித்த இருபத்து மூன்று ஊர்கள்

சென்ற மாதம் ஆபீஸில் எனக்கு வழியனுப்பு விருந்து வைத்தார்கள். கேக் வெட்டி ஆளுக்கு ஒரு துண்டு தின்று முடித்ததும், "இந்த எட்டு வருஷத்தில் மறக்க முடியாத வேலை எது, சாரா?" என்று கேட்டார்கள். சாரா என்பது நான்தான். சரஸ்வதி என்ற பெயர் அவர்கள் வாயில் நுழையாமல் முதல் வாரமே சாராவாகிவிட்டது. நான் எழுந்து நின்று, ஒரு டவுன்ஷிப்பின் பாதாளச் சாக்கடை மூடிகளை ஒவ்வொன்றாக எண்ணிப் படத்தில் ஏற்றிய கதையைச் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

மறக்க முடியாத வேலை வேறு. அதைச் சொல்ல அங்கே எனக்குத் துணிச்சல் வரவில்லை. அதே வாரம் புதிதாக வாங்கிய சாஃப்ட்வேர் ஒன்றை ஓட்டிக் காட்டியிருந்தார்கள். செயற்கைக்கோள் படத்தைக் கொடுத்தால் அதுவே வீடுகளைப் பொறுக்கி எடுக்கிறது. தண்ணீர்மேல் ஏதாவது புள்ளி விழுந்திருந்தால் பிழை என்று முடிவுகட்டி அதுவே துடைத்தும் விடுகிறது. எல்லாரும் ஆஹா என்றார்கள். எனக்கு ஆஹா சொல்ல வரவில்லை. அந்தத் துடைக்கும் வேலையை மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் என் கையாலேயே செய்திருக்கிறேன். அதைத்தான் எழுதப்போகிறேன். "தமிழ்ச் சங்க மலருக்கு ஏதாவது ஒரு ரெசிபி எழுதிக் குடுங்க ஆன்ட்டி" என்று கேட்டவர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

ஈரோட்டுப் பக்கம் ஒரு தாலுகாவில், சர்வே ஆபீஸில் இருபத்து நான்கு வருஷம் வரைவாளராக இருந்தவள் நான். சங்கிலி பிடித்து வயல் வயலாக அளந்து வருவார்கள். அளந்ததைப் படமாக வரைவது என் வேலை. கொழுந்தனார் அமெரிக்காவிலிருந்து எங்களுக்காகப் போட்ட மனு பன்னிரண்டு வருஷம் கழித்துக் கைகூடியது. ஐம்பது வயதில் நானும் வீட்டுக்காரரும் கிரீன் கார்டோடு வந்து மான்மவுத் ஜங்ஷன் என்ற ஊரில் இறங்கினோம். அவர் இந்தியன் கடையில் காய்கறிப் பக்கம் சேர்ந்தார். நான் கம்யூனிட்டி காலேஜில் ஆறு மாதம் கம்ப்யூட்டரில் படம் வரையப் படித்தேன். பென்சில் பிடித்த கைக்கு மவுஸ் படியவே ஒரு மாதம் ஆனது. 2001-இல் ரூட் ஒன் நெடுஞ்சாலைப் பக்கம் இருந்த சின்ன வரைபடக் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்தது. மொத்தமே பதினோரு பேர்.

எங்களுக்கு மேலாளர் வால்டர். அறுபதைத் தாண்டியவர். வாலிபத்தில் துறைமுகப் படங்கள் வரைந்து பழகியவர். அவர் பேசுவதெல்லாம் ஆங்கிலம். இங்கே என் தமிழில் எழுதுகிறேன். குரலை உயர்த்த மாட்டார். நம் பக்கத்தில் உட்காரவும் மாட்டார். பின்னால் வந்து நின்று, ஒரு ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டே திரையைப் பார்ப்பார். தோல் முழுதும் உரித்து முடிக்கும்வரை ஒன்றும் பேச மாட்டார். பிறகு ஒரு கோட்டைக் காட்டி, "இதை உனக்கு யார் சொன்னது?" என்பார். அவ்வளவுதான். முதல் வருஷம் அந்த ஆரஞ்சு வாசனை வந்தாலே எனக்கு வியர்த்துக் கொட்டும்.

டெக்சாஸில் ஒரு கவுன்ட்டிக்கு (நம் ஊர் மாவட்டம் மாதிரி) ரோட்டுப் படம் போடும் வேலை. அதில் ஒரு ஓடையைச் செயற்கைக்கோள் படத்தில் பார்த்து அழகாக நீல நிறத்தில் வரைந்து வைத்தேன். "யார் சொன்னது?" என்றார். படம் சொன்னது என்றேன். அந்த நிலத்துக்காரரின் நம்பரைத் தேடி என்னையே போன் பண்ணச் சொன்னார். என் இங்கிலீஷ் அவருக்குப் புரியவில்லை, அவர் இங்கிலீஷ் எனக்குப் புரியவில்லை. அரை மணி நேரம் மல்லுக்கட்டி, அது ஓடை இல்லை, கேஸ் குழாய் பதித்த தடம் என்று தெரிந்தது. நான் மானம் போய் உட்கார்ந்திருந்தேன். வால்டர் பாதி ஆரஞ்சை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

எங்கள் வேலையில் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பதிவேடு உண்டு. என்ன சேர்த்தோம், என்ன அழித்தோம், அதை யார் சொன்னது, அன்றைய தேதி, நம் கையெழுத்து. ஒன்றைச் சேர்க்க ஒரு ஆதாரம் போதும். அழிக்க இரண்டு வேண்டும். அந்த இரண்டில் ஒன்று அந்த இடத்தைக் காலால் மிதித்த ஆளாக இருக்க வேண்டும். இதுதான் வால்டர் போட்ட சட்டம். நான் அதை மதித்தேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2005 கடைசியில் எங்களுக்கு கானா நாட்டிலிருந்து ஒரு வேலை வந்தது. அங்கே பழைய மாவட்டம் ஒன்றை இரண்டாகப் பிரித்துப் புது மாவட்டம் உண்டாக்கியிருந்தார்கள். மாவட்டம் என்றவுடன் நம் ஊர்க் கலெக்டர் ஆபீஸை நினைத்துக்கொள்ளாதீர்கள். மாவட்ட மன்றம் என்று ஒன்று. பகுதிக்கு ஒருவராக ஜனங்கள் ஓட்டுப் போட்டு அனுப்பும் உறுப்பினர்கள். வாடகைக்கு எடுத்த நான்கு அறை. பிரிந்துபோன தம்பிக்கு அண்ணன் பத்திரத்தைக் கொடுக்காத மாதிரி, படங்களெல்லாம் பழைய மாவட்டத்திலேயே தங்கிவிட்டன. புது மாவட்டத்திடம் இருந்தது, எந்த ஊர் எதற்கு எந்தத் திசையில் என்று குத்துமதிப்பாகக் குறித்து டைப் அடித்த ஊர்ப் பட்டியல் ஒன்று மட்டும். மாவட்டத்தின் ஒரு பக்கம் முழுக்க ஏரி. அணை கட்டித் தேக்கிய ஏரி. கடல் மாதிரி அகலம் என்றார்கள்.

சுகாதார உதவி அமைப்பு ஒன்று அந்த மாவட்டத்தில் மார்ச் மாதம் குழந்தைகளுக்குத் தட்டம்மைத் தடுப்பூசி போட ஏற்பாடு செய்துகொண்டிருந்தது. எந்த ஊர் எங்கே இருக்கிறது, எதற்குச் சாலை, எதற்குப் படகு என்று படம் வேண்டும். அந்தப் படத்தில் உள்ள ஊர்களை வைத்துத்தான் மருந்து எத்தனை, படகு எத்தனை என்று கணக்கிடுவார்கள். ஊர்களைப் படத்தில் ஏற்றும் பொறுப்பு எனக்கு.

எனக்கு ஒரே பெருமை. பட்டியலை ஒரு பக்கம் வைத்துக்கொள்வேன், செயற்கைக்கோள் படத்தை ஒரு பக்கம். ஊர்ப் பெயரைப் பார்த்து, கூரைகளைத் தேடி, புள்ளி வைத்து, பெயர் எழுதுவேன். தகரக்கூரை பளிச்சென்று தெரியும். புல் கூரையைப் பிடிக்கத்தான் கண் வேண்டும். மண் முற்றத்தின் வட்டத்தை வைத்துப் பிடிக்க வேண்டும். சந்தேகம் வந்தால் மாவட்டத்தில் டெட்டே என்பவருக்கு எழுதிக் கேட்க வேண்டும். அவர் மாவட்ட நோய்த்தடுப்பு அலுவலர். போனில் பேசினால் முதல் ஐந்து நிமிஷம் என் வீடு எப்படி, வீட்டுக்காரர் எப்படி, பிள்ளை எப்படி, குளிர் எப்படி என்று வரிசையாக விசாரிப்பார். நானும் பதிலுக்கு அவர் மனைவி, அவருடைய அம்மா எல்லாரையும் விசாரிப்பேன். அதற்கப்புறம்தான் வேலைப் பேச்சு.

ஜனவரி கடைசியில் ஏரிக்கரைக்கு வந்தேன். பட்டியலில் இருந்த இருபத்து மூன்று ஊர்கள் படத்தில் ஏரிக்குள் விழுந்தன. அந்த இடத்தில் பார்த்தால் தண்ணீர். சிலவற்றில் தண்ணீரின் ஓரத்தில் நாலைந்து கூரை, அதுவும் ஏரி நிரம்பினால் தண்ணீர் வந்து தொடும் எல்லைக்கு, அதாவது முழுக்கொள்ளளவுக் கோட்டுக்கு, உள்ளே. நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. நம் ஊர் சர்வேக்காரர் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்: ஏரிக்குள் வீடு கிடையாது. ஏரிக்குள் இருப்பது ஆக்கிரமிப்பு. அதைப் படத்தில் காட்டக் கூடாது.

எனக்கு அது எலும்பில் ஊறிய பாடம். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம், வற்றிய ஏரி ஒன்றில் ஏழு குடிசை இருப்பதைப் பார்த்து, இருப்பதைக் காட்டுவதுதானே வேலை என்று ஏழு சின்னச் சதுரம் போட்டேன். அந்தப் படத்தின் நகலை எடுத்துக்கொண்டு குடிசைக்காரர்கள் பட்டா கேட்டுப் போய்விட்டார்கள். தலைமை வரைவாளர் என் மேசையில் மெமோவை வைத்துவிட்டு, "ஏம்மா, ஏரிக்குள்ளாற வீட்டக் காட்டுனா நாளைக்கு ஏரியே இருக்காதும்மா" என்றார். அன்றிலிருந்து நான் நீர்ப்பரப்புக்குள் ஒரு கோழிக்கூண்டைக்கூட வரைந்ததில்லை.

இருபத்து மூன்றையும் அழித்தேன். பதிவேட்டில் "நீர்ப்பரப்புக்குள் விழுகிறது, பட்டியல் பிழை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆதாரம் ஒன்று: படம். ஆதாரம் இரண்டு என்ற இடத்தில் "முழுக்கொள்ளளவுக் கோடு" என்று எழுதினேன். கோடு என்ன, ஆளா? டெட்டேயைக் கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவே இல்லை. இதில் கேட்க என்ன இருக்கிறது என்ற திமிர்தான். அந்த வாரம் பார்த்து வால்டர் முழங்கால் ஆபரேஷனுக்குப் போயிருந்தார். சரிபார்த்த பெண் என் அனுபவத்தை நம்பிப் பச்சைக்கொடி காட்டிவிட்டாள். படம் போயிற்று.

மார்ச் முதல் வாரம், வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு டெட்டே போன் பண்ணினார். அங்கே மதியம் இரண்டு மணி. வீடு, வீட்டுக்காரர், குளிர் எல்லாம் விசாரித்தார். பிறகு சொன்னார்.

"மேடம், உங்கள் படம் நேற்றுத்தான் பெரிய தாளில் வந்தது. மிக நன்றாக இருக்கிறது. அதில் என் அம்மாவின் வீட்டைத் தேடினேன். அந்த இடத்தில் தண்ணீர் இருக்கிறது."

"உங்கள் அம்மா ஏரிக்குள்ளா இருக்கிறார்?" என்று கேட்டேன்.

"இப்போது ஏரி அங்கே இல்லை, மேடம். மழை முடிந்ததும் தண்ணீர் இறங்க ஆரம்பிக்கும். தண்ணீர் பின்னால் போகப் போக எங்கள் ஆட்கள் வீட்டைப் பிரித்துக்கொண்டு அதன் பின்னாலேயே போவார்கள். அந்த ஈர மண்ணில் பயறு, கடலை, மரவள்ளி எல்லாம் போடுவார்கள். மீன் பிடிப்பார்கள். மழை வந்தால் திரும்ப மேலே ஏறுவார்கள். வீடுதான் நகரும், ஊர் அதே ஊர். அதே பெயர், அதே தலைவர். தேர்தலில் ஓட்டுப் போடுகிறார்கள். அவர்கள் அனுப்பிய உறுப்பினர் படகில் வந்துதான் மாவட்ட மன்றத்தில் உட்காருகிறார்."

நாங்கள் வாங்கியிருந்த செயற்கைக்கோள் படம் மழை முடிந்து ஏரி நிரம்பியிருந்தபோது எடுத்தது. "தடுப்பூசி அவர்களுக்கும் உண்டுதானே?" என்று கேட்டேன். கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது.

"அதற்குத்தான் போன் பண்ணினேன். நான் நான்கு படகு கேட்டேன். படத்தின்படி இரண்டு போதும் என்கிறார்கள். மருந்தும் அதே கணக்குத்தான். திங்கட்கிழமை காலை படகு கிளம்புகிறது. மருந்துக் கணக்கை மாற்றுவதானால் நாளை மதியத்துக்குள் அது மண்டல மருந்துக் கிடங்குக்குப் போக வேண்டும். சனிக்கிழமை மருந்து வண்டி புறப்பட்டுவிடும். மேடம், சந்தை ஊரில் போன வாரம் தட்டம்மை ஆரம்பித்துவிட்டது. ஏரிக்காரர்கள் எல்லாரும் மீன் விற்க அந்தச் சந்தைக்குத்தான் வருகிறார்கள்."

அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. போனை வைத்துவிட்டுப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். இருபத்து மூன்று வரி. எல்லாவற்றுக்கும் கீழே என் கையெழுத்து, நல்ல குண்டு குண்டாக. தட்டம்மை என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. என் சித்தி பிள்ளைகள் இரண்டு பேரை ஒரே வாரத்தில் அது கொண்டுபோயிருக்கிறது. வேப்பிலையை விரித்துப் படுக்கவைத்திருந்ததைப் பார்த்தவள் நான்.

வால்டர் அப்போது வேலைக்குத் திரும்பியிருந்தார், கையில் தடியோடு. அவர் அறை என் மேசையிலிருந்து பத்தடி. எனக்கு எழுந்து போகக் கால் வரவில்லை. சத்தமில்லாமல் நானே சரிபண்ணிவிடலாமா என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். வெளியே காருக்குப் போய் உட்கார்ந்து வீட்டுக்காரருக்குப் போன் பண்ணினேன்.

"ஏனுங்க, ஒரு தப்புப் பண்ணிப்போட்டனுங்க."

"என்ன புள்ள, கார இடிச்சுப்போட்டயா?"

"கார் இல்லீங்க. ஊர அழிச்சுப்போட்டேன். இருபத்து மூணு ஊரு." நடந்ததை நாலு வரியில் சொன்னேன்.

அந்தப் பக்கம் யாரோ முருங்கைக்காய் ஃப்ரெஷ்ஷா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"திருப்பி வரைய முடியுமா, முடியாதா?" என்றார்.

"முடியுமுங்க. ஆனா வால்டர்கிட்டச் சொல்லோணும்."

"அப்பறம் என்னத்துக்கு எனக்குப் போன் பண்ணிட்டுக் கெடக்கற? போ, போய்ச் சொல்லு. இங்க கஸ்டமர் நிக்கறாங்க."

கட் பண்ணிவிட்டார். எனக்கு ஒரு பக்கம் கோபம், ஒரு பக்கம் அதுதான் சரியென்றும் தெரிந்தது. உள்ளே போய்ப் பதிவேட்டை வால்டர் முன்னால் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். மெமோ கதை வரைக்கும் சொன்னேன். அவர் இரண்டாம் ஆதாரம் என்ற இடத்தில் விரலை வைத்தார்.

"யார் சொன்னது?"

"யாரும் சொல்லவில்லை. நானே சொல்லிக்கொண்டேன்."

அவர் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். எத்தனை ஊர் என்று கேட்டார். எத்தனை மணிக்குள் என்று கேட்டார். பிறகு என்னை அங்கேயே உட்காரவைத்து, ஸ்பீக்கரில் உதவி அமைப்புக்குப் போன் போட்டார். "எங்கள் படத்தில் தவறு. மாவட்டம் கொடுத்த பட்டியல்தான் சரி. இன்று மாலைக்குள் திருத்திய படம் வரும், நான்கு படகையும் மருந்தையும் அதற்குத் தயாராக வையுங்கள்" என்றார். எங்கள் படம் என்றுதான் சொன்னார். என் பெயர் வரவில்லை. அந்தப் பக்கத்து ஆள் சும்மா விடவில்லை. படத்தில் இடம் காட்டாத ஊருக்குப் படகு அனுப்ப முடியாது, எங்கே என்று தேடி எரிபொருளைத் தீர்க்க முடியாது, இருபத்து மூன்றுக்கும் இடம் காட்டினால்தான் கையெழுத்து என்றார்.

இடம் எப்படிக் காட்டுவது? தண்ணீர் இறங்கிய பிறகு எடுத்த நல்ல படம் கையில் இல்லை. புதிதாக வாங்க ஒரு வாரம் ஆகும். இலவசமாகக் கிடைக்கும் பழைய படம் ஒன்று இருந்தது, வேறு வருஷத்துக் கோடையில் எடுத்தது. அதில் வீடு தெரியாது. கரை எதுவரை இறங்குகிறது என்பது மட்டும் மங்கலாகத் தெரியும். வால்டர் அதைத் தாளில் பெரிதாக அச்சடித்துக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தார். காதிலிருந்த பென்சிலை எடுத்துக் கொடுத்தார்.

மவுஸை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு டெட்டேக்குப் போன் போட்டேன். அவர் விசாரிக்க ஆரம்பித்தார். "எல்லாரும் நன்றாக இருக்கிறோம். உங்கள் பக்கத்தில் ஏரியில் படகு ஓட்டுகிறவர் யாராவது இருக்கிறாரா?" என்று கேட்டேன். அரை மணி நேரத்தில் மூன்று பேரைக் கூட்டிவந்தார். அவர்கள் தங்கள் பாஷையில் சொல்வார்கள், டெட்டே ஆங்கிலத்தில் சொல்வார், நான் வரைவேன்.

கிராமத்தில் புது நத்தம், அதாவது குடியிருப்பு நிலம், அளக்கப் போனால் நாங்கள் செய்வது இதுதான். முதலில் எல்லாருக்கும் தெரிந்த ஓர் இடத்தில் நிற்க வேண்டும். அங்கிருந்து பார்த்தால் என்ன தெரியும், எந்தக் கைப்பக்கம் தெரியும், போக எவ்வளவு நேரம் என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும். எத்தனை மைல் என்று கேட்டால் எந்த ஊர்க்காரரும் தப்பாகத்தான் சொல்வார்; எவ்வளவு நேரம் என்று கேட்டால் சரியாகச் சொல்வார். சந்தைத் துறையில் நிறுத்திக்கொண்டேன். அங்கிருந்து மோட்டார் படகில் எவ்வளவு நேரம் போனால் முதல் ஊர்? முக்கால் மணி. வழியில் என்ன இருக்கிறது? தண்ணீருக்குள் பட்டுப்போன மரங்கள். ஏரி வருவதற்கு முன்னால் காடாக இருந்த இடம், மரங்கள் இன்னும் நிற்கின்றனவாம். அந்த மரங்கள் எந்தப் பக்கம் வரும்? இடப்பக்கம். காலை வெயில் எந்தப் பக்கம் அடிக்கும்? முதுகில்.

ஒரு ஊருக்கு மூன்று பேரும் மூன்று விதமாகச் சொன்னார்கள். அவர்களுக்குள் சண்டையே வந்துவிட்டது. டெட்டே மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். "என்ன சொல்கிறார்கள்?" என்றேன். "ஒருவருடைய மாமியார் வீடு அந்த ஊரில் இருக்கிறது, மேடம். மற்ற இரண்டு பேரும் இவர் அங்கே போயே பல வருஷமாயிற்று, இவர் பேச்சை நம்பாதீர்கள் என்கிறார்கள்." நான் மற்ற இரண்டு பேர் சொன்ன இடத்தில் புள்ளி வைத்தேன்.

நடுவில் என் போன் கார்டு தீர்ந்தது. வால்டர் ஆபீஸ் போனிலிருந்து கூப்பிட்டார். சாப்பாட்டு நேரம் போனது யாருக்கும் தெரியவில்லை. கடைசி ஊரின் பெயரை எழுதும்போது மணி மூன்றேகால். வால்டர் அதைத் திரையில் ஏற்ற, நான் ஒவ்வொன்றாக வாசித்தேன். பதிவேட்டில் இருபத்து மூன்று ஊரையும் மறுபடி சேர்த்து, யார் சொன்னது என்ற இடத்தில் அந்த மூன்று படகுக்காரர்களின் பெயரையும் எழுதினேன். நான்கரைக்குப் படம் போயிற்று. ஐந்து மணிக்குக் கையெழுத்தாகி வந்தது: நான்கு படகு, அதற்குண்டான மருந்து.

வால்டர் என்னைத் திட்டவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். செவ்வாய்க்கிழமை கூப்பிட்டார், கதவைச் சாத்தினார், திட்டினார். குரல் உயராமலேயே ஒரு மனுஷரால் அவ்வளவு திட்ட முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. "உன் பழைய ஆபீஸில் ஏரியைக் காப்பாற்றச் சொல்லிக்கொடுத்தார்கள். நல்ல பாடம். அந்த மாவட்டம் உன்னை ஏரியைக் காப்பாற்றச் சொல்லிக் கேட்டதா?" என்றார். நான் இல்லை என்றேன். "அவர்கள் மாவட்டத்தில் எது ஊர் என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும்" என்றார். அழுதுகொண்டே வெளியே வந்தேன். ஆனால் மனசு லேசாக இருந்தது. திட்டு வாங்காமல் இருந்த நான்கு நாள்தான் கஷ்டம்.

படகுகள் ஏரியில் இருந்த அத்தனை நாளும் அங்கிருந்து சேதி இல்லை. தண்ணீர்மேல் போன் வேலை செய்யாது. வீட்டில் நான் சாதத்தைக் குழையவிட்டேன், ரசத்தில் உப்பை இரண்டு முறை போட்டேன். வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு, "படகு வந்துருச்சா?" என்று மட்டும் தினமும் கேட்பார்.

அடுத்த வியாழக்கிழமை டெட்டே கூப்பிட்டார். விசாரணை எல்லாம் இல்லாமல் நேராகச் சொன்னார். இருபத்து இரண்டு ஊர் நான் புள்ளி வைத்த இடத்திலோ அதற்குக் கண்ணுக்கெட்டும் தூரத்திலோ இருந்தன. ஒன்று மட்டும் இடம் மாறிவிட்டது. பக்கத்து ஊர்க்காரர்கள் படகில் ஏறி வந்து வழி காட்டினார்கள். எல்லாக் குழந்தைகளுக்கும் ஊசி போட்டாயிற்று. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. உடனே அவர் குரல் மாறியது.

"மேடம், பதினேழாவது ஊரில் ஏற்கெனவே தட்டம்மை வந்துவிட்டது. நான்கு வயதுப் பெண். உடம்பெல்லாம் தடிப்பு, கண்ணைத் திறக்கவில்லை, மூன்று நாளாக ஒன்றும் சாப்பிடவில்லை. ஒரு படகைத் திருப்பி அவளையும் தாயையும் மாவட்ட ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ஆறு மணி நேரம் தண்ணீர்மேல் வந்தார்கள். இன்னும் ஒன்றும் சொல்ல முடியாது என்கிறார் டாக்டர்."

வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு. அந்தப் பெண்ணின் பெயர்கூட எனக்குத் தெரியாது. சனிக்கிழமை கோவிலில் போய் உட்கார்ந்தேன். என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை, பதினேழாவது ஊர் என்று சொல்லி வேண்டிக்கொண்டேன். நான் அழித்தபடியே படம் இருந்திருந்தால் அந்த ஊருக்குப் படகே போயிருக்காது. அந்த நினைப்பு தண்ணீர் குடிக்கும்போதும் வந்தது, கார் ஓட்டும்போதும் வந்தது.

திங்கட்கிழமை நான் சீட்டில் பையை வைக்கும் முன்னே போன் அடித்தது. டெட்டே. பின்னால் ஆஸ்பத்திரிச் சத்தம் கேட்டது. அவர் சிரித்துக்கொண்டே பேசினார்.

"மேடம், இன்று காலையில் நர்ஸ் அந்தப் பெண்ணின் வாயில் மருந்து விடப்போனாள். அவள் நர்ஸின் விரலைக் கடித்துவிட்டாள். நல்ல கடி. நர்ஸுக்குக் கட்டுப் போட்டிருக்கிறோம்."

நான் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தேன். எனக்கு இங்கிலீஷே வரவில்லை. "கடிச்சுப்போட்டாளா? அப்படீன்னா பொழைச்சுட்டாளுங்க" என்றேன், தமிழில்தான் சொன்னேன்.

"ஆமாம், மேடம்" என்றார் டெட்டே.